நாங்கள் போடாத ஐந்து கையெழுத்துகள்

அனுப்புநர்
த. மலர்க்கொடி (வயது 20),
த/பெ தங்கசாமி,
காலனித் தெரு, கீழச்செம்மேடு,
அரியலூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: மகளிர் சுகாதார வளாகம் – இளம்பெண்களின் கருத்தைக் கேளாமல் மதுக்கடை அருகே கட்டியது – ஒப்புதல் தந்ததாகப் பொய்க் கையெழுத்து – விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருப் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, கருவேலங்காடுதான். சென்ற ஆண்டு சனவரியில் எங்கள் ஊருக்கு மகளிர் சுகாதார வளாகம் ஒதுக்கப்பட்டது. இடத்தைக் கிராம சபை முடிவு செய்யும் என்றார்கள். நானும் இன்னும் பத்துப் பெண்களும் நான்கு நாள் வீடுவீடாகப் போய்க் கேட்டோம். நூற்றுப் பன்னிரண்டு பேரில் தொண்ணூற்று நான்கு பேர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் புறம்போக்கைச் சொன்னார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்த அனிதா, அந்த இடத்தைக் குறித்து ஊர் வரைபடம் ஒன்றைப் பெரிய தாளில் வரைந்தாள்.

2. 26.1.2004 அன்று கிராம சபையில் நான் பேச எழுந்ததும் ஊராட்சித் தலைவர், "ஓட்டு இல்லாத புள்ளைங்களுக்கு இங்க என்ன வேல? எந்திரிச்சு வூட்டுக்குப் போங்க" என்றார். எனக்கு ஓட்டு உண்டு என்றேன். "இருந்தா உங்கப்பன வந்து பேசச் சொல்லு" என்றார். பலர் சிரித்தார்கள். என் தந்தையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிரவில்லை. அனிதாவின் வரைபடத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார்கள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

3. செப்டம்பரில் வளாகம் திறக்கப்பட்டது, மதுக்கடைக்கு நேர் பின்னால். குடித்துவிட்டு நிற்பவர்களைக் கடக்காமல் உள்ளே போக முடியாது. முதல் வாரம் போனவர்களும் பிறகு போகவில்லை. இப்போது பூட்டியே கிடக்கிறது.

4. 14.12.2004 அன்று விடிவதற்கு முன் காட்டில் அனிதாவைப் பாம்பு கடித்தது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து உயிர் பிழைத்தாள். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத மாட்டேன் என்கிறாள். அவள் தாயார் பெரியம்மாள், "அந்தக் கடையத் தாண்டிப் போவாத, காட்டுக்கே போன்னு நாந்தாங்க அனுப்புனேன்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறார்.

5. அதன் பிறகே ஊராட்சி அலுவலகத்தில் அந்தக் கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன். மூன்று முறை அலையவிட்டுக் காட்டினார்கள். மதுக்கடைக்குப் பின்னால் உள்ள இடத்தைக் குறிப்பிட்டு, "ஊர் இளம்பெண்கள் மேற்படி இடத்தை ஒருமனதாக ஏற்றனர்" என்று எழுதி, கீழே ஐந்து பேர் கையெழுத்து. அதில் என் பெயரும் உண்டு. ஐவரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. தமிழ்மொழி என்பவர் அன்று ஊரிலேயே இல்லை; திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். எங்களை வெளியே அனுப்பியதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம் ஐயா. நாங்கள் கேட்டதற்கு எதிராக எங்கள் பெயரையே எழுதியதைப் பொறுக்க முடியவில்லை.

6. ஆகவே, பொய்க் கையெழுத்தை விசாரித்துத் தீர்மானத்தை ரத்து செய்யவும், பெண்கள் கேட்ட இடத்தில் வளாகம் அமைக்கவும், ஓட்டு வயது வராதவர்களும் கிராம சபையில் பேசலாம், பேசியது பதிவாக வேண்டும் என ஆணையிடவும் கேட்டுக்கொள்கிறேன்.

7. "பேசினால் கேட்பார்கள், வா" என்று அனிதாவைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனது நான்தான். மே முதல் தேதி கிராம சபைக்கு வருகிறாயா என்று சென்ற வாரம் கேட்டேன். "போயி என்னாக்கா ஆவப் போவுது?" என்றாள். மே முதல் தேதிக்குள் தாங்கள் எடுக்கும் நடவடிக்கையைத்தான் அவளிடம் பதிலாகச் சொல்ல முடியும் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: கீழச்செம்மேடு
நாள்: 21.2.2005

இப்படிக்கு,
த. மலர்க்கொடி