சைகோனுக்கு எழுத வேண்டிய பதில்

இன்று காலையும் உன் தங்கைக்குப் பதில் எழுதலாம் என்று மைக்கூட்டைத் திறந்தேன். மைப்பொடியை வெந்நீரில் நீ கரைக்கும்போது எழும் அதே நெடி. அது மூக்கில் ஏறியதும் பிரெஞ்சு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவள் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். தமிழில் எழுதினால் நீ பிழை பார்ப்பதில்லை.

சிராங்கூன் ரோட்டில் எதுவும் மாறவில்லை. விடிந்ததும் எருமைகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், தண்ணீர்க்காரன் கத்துகிறான். கீழ்வீட்டு அலிமா அக்கா, அதுதான் உன் காரைக்கால் சிநேகிதி, தட்டில் இடியப்பம் கொண்டுவந்து வைத்து, "சாப்பிட்டுட்டுத்தான் தம்பி ஆபீஸுக்குப் போவணும்" என்று மிரட்டுகிறார். தின்றுவிட்டுப் போகிறேன். திரும்பி வந்து கதவைத் திறக்கத்தான் பிடிக்கவில்லை. நம் ஒற்றை அறை இவ்வளவு பெரிதென்று இப்போதுதான் தெரிகிறது.

தாய் தகப்பன் போனபின் புதுச்சேரி கன்னியர் மடம் உங்கள் இருவரையும் வளர்த்தது. தங்கையைச் சிறுபிள்ளையாகவே சைகோன் மடத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அங்கே அவளுக்குத் தமிழ் போயே போய்விட்டது. உனக்கென்று இருந்த ஒரே சொந்தம் அவள். "சிங்கப்பூர் மாப்பிள்ளைன்னு சொன்னதும் ஏன் சரின்னேன் தெரியுமா? சைகோனுக்குப் பாதி வழி!" என்பாய். கேலிதான், ஆனால் முழுக் கேலி இல்லை. நான் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனிக்குச் சைகோனிலும் ஆபீஸ் உண்டு. அங்கே கடிதம், கணக்கு எழுதும் கிராணியாகப் போகப் பிரெஞ்சுப் பரீட்சை தேற வேண்டும். வாசிப்பும் சொல்வதெழுதுதலும் தட்டுத்தடுமாறி வந்துவிட்டன. கடிதம் எழுதும் தாளில்தான் ஒரு தடவை கவிழ்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பாயை விரித்து எதிரே உட்காருவாய். சரக்கு நனைந்துவிட்டது, துரைக்குத் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல், லீவு கேட்க வேண்டும். இப்படி ஏதாவது விஷயம் கொடுப்பாய். நான் எழுதி நீட்டுவேன். வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

"சேசுவே! என்னங்க இது? இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுத வேண்டியதுன்னு பிரெஞ்சுல எழுதி வச்சிருக்கீங்க?"

"சுகம் விசாரிக்காம எப்படி ஆரம்பிக்கிறது? மரியாதையா இருக்காதே."

"துரைக்கு உங்க சுகம் எதுக்கு? நனைஞ்சது எந்த மூட்டைன்னுதான் கேப்பான். விஷயத்துக்கு வாங்க."

அடுத்த ஞாயிறும் இதே பாட்டுதான். நான் என்ன செய்வேன்? எங்கள் நாகப்பட்டினத்தில் செருப்பு அறுந்த சேதியைக்கூடச் சுகம் விசாரித்துவிட்டுத்தான் எழுதுவோம். கை தானாக அந்த வரியைப் போட்டுவிடும்.

பரீட்சை நெருங்கும்போது உனக்கு மெய்யாகவே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், "லீவு கடுதாசி எழுதிப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டாய். "நீ மொதல்ல எந்திரிச்சு வீட்டுக்கு வா" என்றேன். நீ வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் உன் தங்கைக்குத் தெரிவிக்க வேண்டுமே. தானே பிரெஞ்சில் எழுதித் தருவதாகப் பூசை வைக்கும் சாமியார் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தால் என் கை முதல் வரியில் என்ன போட்டிருந்தது தெரியுமா? 'இவ்விடம் நாங்கள் இருவரும் சுகம்.' அடிப்பாவி, அதை வாசித்துச் சிரிக்க நீ இல்லையே! தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வெட்கமில்லாமல் அழுதேன். சத்தம் கேட்டு ஏறிவந்த அலிமா அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு வேறு தாள் எடுத்து, யார் சுகத்தையும் விசாரிக்காமல், முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்தேன். நான் பிரெஞ்சில் ஒழுங்காக எழுதிய முதல் கடிதம் அதுதான்.

பரீட்சைக்கும் போனேன். வந்து சேராத சரக்கைப் பற்றி ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன், தேறிவிட்டேன். "அப்புறமென்ன, எப்பப்பா கப்பலேறப் போறே?" என்று பெரிய கிராணி முதுகில் தட்டினார். உன்னைச் சைகோனுக்குக் கூட்டிப்போகத்தான் இந்தப் பாடெல்லாம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சைகோன் வேலைக்கான உத்தரவை வாங்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலாக விட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் தங்கையிடமிருந்து பதில் வந்திருக்கிறது. ஆறுதல், தேறுதல் எதுவும் எழுதவில்லை. ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். 'அக்காள் பேசினால் எப்படி இருக்கும்? எனக்கு அவள் கையெழுத்து மட்டும்தான் தெரியும். குரல் மறந்துபோய்விட்டது.'

எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். மென்மையான குரல் என்றால் அது நீ இல்லை. அதட்டலான குரல் என்றால் அதுவும் இல்லை. நான் மாடிப்படியில் கால் வைக்கும்போதே மேலேயிருந்து, "ஏங்க, நனைஞ்சீங்களா?" என்பாயே, அதை எந்தப் பாஷையில் எழுதுவது? நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் அவள் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தால் வரப்போவது என் குரல்தானே? உன் குரல் என் காதோடு நின்றுவிட்டது. அதை அவளுக்குக் கொடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தினமும் அதைக் கேட்டவன் நான் ஒருவன் இருக்கிறேன். என்னையாவது அவள் பார்க்கட்டும்.