இலவம்பஞ்சு அடைத்த புட்டிகள்

அக்கா,

இன்று காலை உன் தலையணையை வெயிலில் போடலாம் என்று மாடிக்கு எடுத்துப் போனேன். உறையைக் கழற்றியதும் ஓரத்தையல் விட்டுப்போய்ப் பஞ்சு மாடியெல்லாம் பறந்தது. என் மருமகள் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். "இன்னா அத்தை, பஞ்செல்லாம் தீஞ்ச மாரி கீது? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கலாம்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம். நுனி கருகிய அந்தப் பஞ்சைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீ பார்த்திருந்தால் திட்டியிருப்பாய்.

நீ மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். நாமும் சண்டை போடாமல் இல்லை. ஆனால் உன் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த வீட்டில் நீ இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. இரண்டு தறியில் ஒன்று நின்றுபோயிற்று. பள்ளிப்பட்டிலிருந்து உன் அண்ணன் சொல்லி அனுப்பினார்: "ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு வரேன். மலை எறங்கனதும் உன்னியும் கூட்டிகினு போயிடறேன்." நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வீட்டில் உனக்குக் காத்திருந்தது அடுப்படியும் அண்ணியின் ஏவலும் என்று நம் இருவருக்குமே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் விவசாய ஆபீசில் காளான் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அரைவேக்காட்டுச் சோளத்தைப் புட்டியில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, குக்கரில் அவிக்க வேண்டும். ஆறிய பிறகு ஆபீசில் தரும் தாய் வித்தைக் கொஞ்சம் உள்ளே போட்டால் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்து சோளத்தை மூடிவிடும். அதுதான் காளானுக்கு விதை. அந்த விதை கிடைக்காமல் அலைகிறவர்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் தூக்கிப்போடும் குளுக்கோஸ் புட்டிகளை நாம் கேட்டு வாங்கி வந்தோம்.

நம் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "மலை மேல சாமிய வெச்சிகினு வூட்டுக்குள்ள நாய்க்குடை வளக்கறாளுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி புலம்பினார்.

"அத்தை, இது வெள்ளையா வந்துச்சின்னா நான் இங்கியே பொழச்சிக்கிறேன். வரலன்னா அண்ணங்கூட போயிடறேன்" என்றாய்.  அத்தை "ஆங்" என்று மட்டும் சொன்னார்.

முதல் தடவை எல்லாம் பாழ். பொங்கலுக்கு வேகவைப்பது போல நீ சோளத்தைக் குழைத்துவிட்டாய். புட்டிக்குள் தண்ணீர் கசிந்து பிசுபிசுத்தது. நான் கொண்டுபோய்க் கொட்டப் பார்த்தேன். நீ என் கையைப் பிடித்து, அடைப்பை எடுத்து மோந்து பார்த்தாய். "புளிச்ச கஞ்சி வாசம் வருதுடி. எதையும் மோந்து பாக்காம கொட்டாத. புளிப்பு இல்லன்னா உள்ள உசுரு கீதுன்னு அர்த்தம்" என்றாய்.

இரண்டாவது தடவை சோளம் சரியாக வெந்தது. துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தினோம். முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, ஸ்டவ் தீயில் அடைப்பைக் காட்டிக் காட்டி வித்துப் போட்டோம். புளிப்பு இல்லை. ஆனால் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. என் கை சுத்தமில்லை என்று நீ சொல்ல, உன் மூச்சுத்தான் காரணம் என்று நான் சொல்ல, ஒருநாள் முழுக்க நாம் பேசிக்கொள்ளவில்லை. அத்தை திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டினார்.

மறுநாள் நீதான் புட்டிகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தாய். "அடியே, இங்க வா. எல்லாத்துலியும் பச்சை மேலேர்ந்து கீழ எறங்குது பாரு."

ஒரே ஒரு புட்டி மட்டும் வெண்மை மாறாமல் நின்றது. மற்ற எல்லாவற்றுக்கும் தறியில் மிஞ்சிய கழிவு நூலைச் சுருட்டி அடைத்திருந்தோம். நெசவுக்காரர் வீட்டில் பஞ்சைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? கடைசிப் புட்டிக்கு நூல் பத்தாமல், உன் வீட்டுக்காரர் தலையணையின் ஓரத்தில் எட்டிப்பார்த்த பஞ்சைக் கிள்ளி அடைத்திருந்தாய்.

"கஞ்சிடி! நூல்ல, பாவு வெறப்பா நிக்கப் போட்ட கஞ்சி கீது! பூசணத்துக்கு நாமளே சோறு போட்டு மேல உக்கார வெச்சிருக்கோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். அவர் போன பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் இருவரும் தலையணையைப் பார்த்தோம். வீட்டில் மற்றத் தலையணைகளில் எல்லாம் கழிவு நூல்தான். அது ஒன்றுதான் உன்னைப் பெற்ற நைனா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு. உன் வீட்டுக்காரர் தலைவைத்த குழிவு கலையக்கூடாது என்று நீ அதை உதறக்கூட விடமாட்டாய். நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். இலவம்பஞ்சு சீசன் முடிந்தது என்று கைவிரித்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது நீ கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாய். "வேணாங்க்கா" என்று கெஞ்சினேன்.

"அவுரு இருந்தா இன்னா சொல்லுவாரு? அறுத்துக்கோன்னுதான சொல்லுவாரு" என்று தையலை வெட்டினாய். 

கிருத்திகையன்று ஊரே அரோகரா போட்டுக்கொண்டிருக்க, உன் அண்ணன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து, "கெளம்பும்மா" என்றார். நீ பால் போல வெளுத்திருந்த ஒரு புட்டியின் அடைப்பை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாய்.

"இன்னாது இது? மழை பேஞ்ச வைக்கப்போர் மாரி கீது?"

"நான் வரலண்ணா. இங்க எனக்கு வேலை கீது."

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "அவ எங்கியும் வரமாட்டா. நீ ஒக்காந்து சாப்புடுப்பா." நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்புறம் எத்தனையோ வருஷம் இந்த வீட்டிலிருந்து விதைப்புட்டி போயிற்று. அந்த வருஷங்களில் நீ மடித்த புடவையில்தான் தலைவைத்துப் படுத்தாய். முடியாமல் போய்த் தொழிலை நிறுத்தியபோது, தீயில் காட்டிக் காட்டி நுனி கருகிய அடைப்புப் பஞ்சையெல்லாம் அலசிக் காயவைத்து, பழைய உறையிலேயே திணித்துத் தைத்துக்கொண்டாய்.

உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது படுக்கையையும் கூடவே அனுப்பச் சொன்னார்கள். பாயைக் கொடுத்தேன், போர்வையைக் கொடுத்தேன். தலையணையை மட்டும் இடுக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யார் என்ன சொன்னால் எனக்கென்ன?

இப்போது தைத்து முடித்துவிட்டேன். தையல் கோணல்தான், நீ இருந்தால் பிரித்துப் போட்டிருப்பாய். மருமகள் இன்னும் தூக்கிப் போடத்தான் சொல்கிறாள். நீ சொன்னபடியே முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தேன்.

புளிப்பு இல்லை, அக்கா.