தவிட்டுக்கு வாங்கிய பேத்தி

தணிகை முருகன் துணை
திருத்தணி

அன்பு மகள் யுவஸ்ரீக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம் என்பதே நலம் என்றால் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நம் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும், வேறு நினைப்பே இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் மெஷின்தான் மூச்சு விடுகிறது என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா அடுப்பில் வைத்ததையெல்லாம் தீய விடுகிறாள். இதற்கு நடுவில் ஜெர்மனி ஆஸ்பத்திரியில் பெயர் கேட்கிறார்கள் என்று மாப்பிள்ளை உலகம் முழுக்கத் தேடி ஒரு கூடைப் பெயர் அனுப்பியிருக்கிறார். கிரேக்கத்தில் ஸோயி என்றால் உயிராம், அரபியில் ஆயிஷா என்றால் வாழ்கிறவளாம். எந்த ஊரிலும் பெற்றவர்கள் முதலில் உயிரைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் பாதிக்கு மேல் நான் படிக்காமல் மூடி வைத்துவிட்டேன். உனக்கு முன் பிறந்தவனுக்குச் சிரஞ்சீவி என்று பெயர் வைத்தோம், சாவே இல்லாதவன் என்று அர்த்தம். ஒரு மாதம்கூட அவன் எங்களிடம் இருக்கவில்லை.

அதனால்தான் நீ பிறந்ததும், யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என எதிர் வீட்டு பங்காரு அத்தை உன்னைக் குப்பைமேட்டில் கிடத்தி, ஒரு முறம் தவிடு கொடுத்து உன் அம்மாவிடமிருந்து வாங்கினாள். "இனிமே இது எம் புள்ள, குப்பம்மா. உன் வூட்ல வளந்துகினு இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தாள். யுவஸ்ரீ எல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வந்தது. காலேஜ் சிநேகிதிகள் முன்னால் நான் குப்பு என்று கூப்பிட்டதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? உன் பக்கத்துக் கட்டில் மங்கோலியாக்காரப் பெண்ணும் ஒன்றைப் பறிகொடுத்த பிறகு பிறந்த பையனுக்கு நெர்குய், அதாவது பெயரில்லாதவன் என்று பெயர் வைத்திருக்கிறாள் என்று ஆச்சரியமாகச் சொன்னாய். எனக்கு ஆச்சரியமில்லை. அங்கேயும் இதே பயம்தான் அம்மா.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்காதே. டாக்டர் சொல்வதில் ஒன்றும் குறைக்காதீர்கள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. நேற்று கே.ஜி.கண்டிகை ரைஸ்மில்லுக்குப் போய்த் தவிடு கேட்டேன். மில்காரர் துளசிங்கம், "இன்னாங்க, மாடு கீடு வாங்கிகினீங்களா?" என்றார். ஆங் என்று சொல்லி வைத்தேன். வீட்டில் உன் போட்டோவுக்கு முன்னால் முறத்தில் தவிட்டை வைத்து நானும் உன் அம்மாவும் குழந்தையை வாங்கிக்கொண்டோம். பங்காரு அத்தைதான் சாட்சி. "நான் வாங்குனதே கெட்டியா கீது, அது பெத்தது மட்டும் போயிடுமா?" என்று அதட்டினாள். அவள் போன பிறகு உன் அம்மா முறத்தை எடுக்கவே விடவில்லை.

பெயர் இப்போது வேண்டாம். பெட்டியில் ஒட்டும் அட்டை வெறுமனே இருக்கட்டும். அவள் வீட்டுக்கு வந்த பிறகு ஸோயி என்றே வையுங்கள், நான் வாய் நிறையக் கூப்பிடுகிறேன். தையல் போட்ட உடம்பு, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே. பாலுக்குப் பூண்டு சேர்த்துக்கொள். மாப்பிள்ளையையும் தூங்கச் சொல். முருகன் உங்களைக் கைவிட மாட்டான்.

ஒன்றை மறக்காதே. அவள் இப்போது உன் பிள்ளை இல்லை, நாங்கள் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. அவளைக் கேட்டு யார் வந்தாலும் இங்கே இல்லை என்று சொல்லி, திருத்தணி விலாசத்தைக் கொடு. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறோம்.

உன் நைனா
வேதாசலம்