இரண்டாவது அடி

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

வரிகள் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். ஒற்றைக் கண்ணுக்கு இன்னும் தூரம் பிடிபடவில்லை. தம்ளரில் ஊற்றுகிற தண்ணீர் மேஜையில் போகிறது. இடது கண்ணை எடுத்தேவிட்டார்கள். உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடிச் சில்லு மட்டும் பதினொன்று வந்ததாம். இன்ஸ்பெக்டர் அவற்றை டப்பாவில் போட்டு, சீல் வைத்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நாம் சட்டப் பாடத்தில் படித்தபடியே செய்தார். ஒரு குறை சொல்ல முடியாது.

போன வாரம் உன் வக்கீல் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம், "ஆளைத் தெரியாம அடிச்சுட்டான்மா. கூட்டத்துல எவனோ எதிர்க்கோஷ்டின்னு நெனச்சுட்டான். அவனும் உங்க புள்ள மாதிரிதானே?" என்றார். அம்மா அவரை உட்காரச் சொல்லவே இல்லை.

நான் எழுதுவது ஒரே ஒரு கேள்விக்காக. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கோஷ்டிச் சண்டை மூண்டு நாற்காலிகள் பறந்துகொண்டிருந்தபோது நான் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினேன். முதல் அடி பின்னாலிருந்து தோளில் விழுந்தது. திரும்பினேன். இரண்டாவது அடி முகத்தில். நடுவில் எங்கோ உன் குரலில் 'சோடா' என்று கேட்டது. என்னை அப்படிக் கூப்பிடுகிறவன் நீ ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு நான் முழு சோடாபுட்டி. தலையில் அடிபட்டவனுக்கு எது முதலில், எது அப்புறம் என்பது குழம்பிப்போகும் என்கிறார் டாக்டர். அதனால் உன்னையே கேட்கிறேன். கூப்பிட்டது இரண்டாவது அடிக்கு முன்னாலா, பின்னாலா?

இப்படிக்கு,
சோடா

மார்ச் 19

அன்புள்ள சோடாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயே எழுதியிருந்தாய். உன் கோழிக்கிறுக்கல் எப்போதும் அப்படித்தான். கண்ணைக் குறை சொல்லாதே. இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நீ அடிக்காததால் நானும் விட்டுவிட்டேன்.

இங்கே சிறையில் நேற்று குளிக்கிற வாளிக்காக இரண்டு பேர் கட்டிப்புரண்டார்கள். ஒருவன் மற்றவன் காதைக் கடித்துத் துப்பினான். காது போனவன் அதைக் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வரிசையில் நின்றான். குற்றவியல் வகுப்பில் வன்முறைக்கு ஆறு காரணம் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேனே, அந்த ஆறில் வாளி இல்லை.

கடைசிப் பரீட்சையை இங்கிருந்தே எழுதப் பல்கலைக்கழகம் அனுமதித்திருக்கிறது. குறிப்புகள்தான் இல்லை. யாரிடமாவது சொல்லி அனுப்பச் செய்வாயா? கேட்க எனக்கு வாய் இல்லை என்று தெரியும்.

நீ கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாதே என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அடிக்குப் பின்னால்தான் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். கூட்டம் அப்படி. உன் அம்மாவுக்கு என் வணக்கம். சொல்ல முடியாது என்றால் சொல்ல வேண்டாம்.

நெட்டை

ஏப்ரல் 2

நெட்டைக்கு,

குறிப்புகள் தனிக் கட்டாக வருகின்றன. சாட்சியச் சட்டம் முழுவதும் இருக்கிறது. குற்றவியலில் கடைசி இரண்டு பாடம் நான் போகவில்லை. நூலகரிடம் வாங்கி வைத்திருக்கிறேன்.

'நினைக்கிறேன்' என்கிறாய். மாதிரி நீதிமன்றத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன சாட்சியை நீ எப்படிக் கிழித்துத் தொங்கவிட்டாய்! "நெனப்பைக் கேக்கல சார், நடந்ததைக் கேக்கறேன்" என்று மேஜையைத் தட்டினாய். நான் எதிர்த்தரப்பு என்பதை மறந்து கைதட்டினேன்.

நடந்ததைக் கேட்கிறேன்.

உன் அண்ணன் விடுதிக் காவலாளியின் தாடையை உடைத்ததை நான் பார்த்தேன். விசாரணைக் குழுவில் பார்த்ததைச் சொன்னேன். உன் அண்ணனைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கினார்கள். அன்றிலிருந்து பத்து நாள் நீ என்னோடு பேசவில்லை; பதினோராம் நாள் இரும்புக் குழாயோடு வந்தாய். அந்தப் பத்து நாளும் நாம் ஒரே அறையில்தான் படுத்தோம். தரையில் கிடந்த என் புத்தகங்களை நீ மிதிக்காமல் தாண்டித்தான் நடந்தாய்.

முந்தாநாள் அம்மா என் கண்குழியைத் துடைக்க வந்தபோது, கையைத் தட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சில்லு அவள் புறங்கையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் இப்படி ஆகிக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் என்றால், கண் போனது போகட்டும், நண்பன் மிச்சம் என்று இருந்துவிடுவேன். மன்னித்துவிட்டதாக நீதிமன்றத்திலேயே சொல்வேன். முன்னால் என்றால் அதையும் தெரிந்துகொண்டுதான் கூண்டேற வேண்டும். மே ஆறாம் தேதி என் சாட்சியம்.

சோடா

ஏப்ரல் 21

அன்புள்ள சோடாவுக்கு,

குறிப்புகள் வந்தன. ஓரத்தில் நீ வழக்கமாகப் போடும் கிண்டல்கள் எதுவும் இல்லை.

பத்து நாள் மருத்துவ அறையில் கிடந்தேன். இங்கே எல்லோரையும் ஆட்டிவைக்கிற பெரியவர் ஒருத்தருடைய படுக்கையைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். நான்கு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒருத்தராகவே நிதானமாக உதைத்தார். இரண்டு விலா எலும்பு உடைந்தது. ஒவ்வொரு உதைக்கும் முன்னால் அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே அறிவேன் என்று பட்டது. உள்ளிருந்து அறிவேன்.

முன்னால்தான் கூப்பிட்டேன்.

முதல் அடி யார்மேல் என்று எனக்கே தெரியாது. முதுகு தெரிந்தது, போட்டேன். நீ திரும்பினாய். மூக்குக்கண்ணாடி கோணலாகி, தலையிலிருந்து சாப்பாடு வழிந்துகொண்டு, என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. 'நீதானாடா' என்கிற மாதிரி. நான் 'சோடா' என்றேன். பத்து நாளாக அம்மா அழுததும், அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. உன் முகத்தின் நிம்மதி எனக்குப் பொறுக்கவில்லை. குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி அடித்தேன். கண்ணைக் குறிபார்க்கவில்லை. முகத்தைக் குறிபார்த்தேன். சத்தம் கேட்டதும்தான் கீழே போட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சிறை அதிகாரி படித்து முத்திரை போட்டுத்தான் அனுப்புவார். இது என்ன மாதிரிச் சாட்சியம், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். உனக்குத்தான் அந்தப் பாடத்தில் முதல் இடம். யாரும் மிரட்டாமல், சுய நினைவோடு எழுதினேன். வக்கீலிடம் சொல்லவில்லை.

நெட்டை
விசாரணைக் கைதி எண் 3127

மே 30

நெட்டைக்கு,

உன் கடிதத்தை அரசு வக்கீலிடம் கொடுத்தேன். அதற்காகத்தான் நீ எழுதினாய் என்று தெரிந்தே கொடுத்தேன். நீதிபதி, "இது உங்கள் கையெழுத்துதானா?" என்றதும் உன் வக்கீல் எழுவதற்குள் "ஆமாங்கய்யா" என்றாய். மன்னிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகவும் வாய் திறக்கவில்லை. ஏழு வருடம் என்று தீர்ப்பு வந்தபோது நீ என் பக்கம் திரும்பவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

உன்னைப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றியதால் அப்புறம் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நடைக்கூடத்தில் உன் அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தார். "ஒரே அறையில கெடந்தீங்களேடா, ஒரு கடுதாசியை மறைக்க மனசு வரலையா ஒனக்கு?" என்றார். அப்போது உன் அண்ணன் என் குருட்டுக் கண் பக்கமாக வந்து வயிற்றில் குத்தினார். வருவது தெரியவே இல்லை. மூச்சடைத்து விழுந்தேன். அடுத்து உதைக்க வந்தவர் கால் வழுக்கிப் படியில் மல்லாந்தார். பக்கத்தில் சேவகர் உட்காரும் மர முக்காலி. எழுந்து அதை எடுத்துத் தலைக்குமேல் ஓங்கிவிட்டேன்.

கீழே அவர் முகம். உன் ஜாடை. உன் மூக்கு. யார் என்று நன்றாகத் தெரிந்தது, தெரிந்ததால்தான் ஓங்கினேன். காவலாளியின் தாடை, என் கண், அம்மாவின் புறங்கை எல்லாம் முக்காலியோடு கையில் கனத்தன. போட்டால் மண்டை பிளக்கும் என்று தெரிந்தது. போடவும் ஆசையாக இருந்தது. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. உன் அம்மாகூட வாயில் கைவைத்து நின்றார்.

இறக்கினேன். முக்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

இதுநாள்வரை, அந்த நொடியில் மனிதனுக்கு என்ன ஆகுமோ, நான் அங்கே நின்றதில்லையே என்று உனக்காக எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகும் அந்த வாதத்தை விடவில்லை. இப்போது நின்று பார்த்துவிட்டேன். ஓங்கிய கைக்கும் விழுகிற அடிக்கும் நடுவில் நேரம் இருக்கிறது, நெட்டை. நிறையவே இருக்கிறது. உனக்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு இருந்தது.

நீ உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இந்த நன்றியைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். உன் அண்ணன்மேல் புகார் கொடுத்திருக்கிறேன். அதையும் நானே உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மீதிக் குறிப்புகளை நூலகர் அனுப்புவார், பேசி வைத்திருக்கிறேன். பரீட்சையை எழுது. விலா எலும்பு முழுதும் சேருகிறவரை பாரம் தூக்காதே. எனக்கு இனிமேல் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு படித்தவன்