ஸ்டிக்கர் என்னுடையது, பை வேறு

அனுப்புநர்:
ஊழியர் வாசல் சோதனையாளர்
(கடையில் எல்லோரும் அழைப்பது: டோக்கன் அக்கா),
மூன்று மாடி ஜவுளிக்கடை, பின்வாசல்.
வீடு: அழகு நிலையத்துக்கு மேல்மாடி, பழைய தபால் நிலையத் தெரு.

பெறுநர்:
ஆய்வாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு,
இரண்டாம் மாடி.

பொருள்: இணையத்தில் விற்ற விலையுயர்ந்த கைப்பைக்குப் பதிலாகப் போலிப் பை திருப்பி அனுப்பப்பட்டது பற்றியும், அசல் பையை இப்போது விற்பனைக்கு வைத்திருப்பவர் யார் எனக் கண்டறிந்து என் தங்கைக்குத் தெரிவிக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவின் முதல் பிரதியைச் சென்ற வாரம் கீழ்த்தளத்தில் உள்ள எழுத்தரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி டீ பிளாஸ்க்கின் அடியில் வைத்தார். இன்று வந்து பார்த்தால் பிளாஸ்க் இருக்கிறது, மனு இல்லை. அவர்மீது புகார் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்தப் பிரதியைத் தங்கள் கையில் மட்டுமே கொடுப்பேன் என்பதையும், பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்பேன் என்பதையும் முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் ஜவுளிக்கடையின் ஊழியர் வாசலில் பை சோதிப்பவள். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு மேசை, ஒரு டியூப்லைட், ஒரு ஸ்டூல், அதுதான் என் இடம். காலையில் விற்பனைப் பெண்கள் வரும்போது அவரவர் பையைத் திறந்து பார்த்து, மூடிய ஜிப்பின் மேல் வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் (கடைப் பெண்கள் வாயில் 'டோக்கன்') ஒட்டி, அதன் குறுக்கே பச்சை மையில் என் சுருக்கொப்பம் போடுவேன். மாலையில் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் பையைத் திறக்காமல் அனுப்பிவிடுவேன். கிழிந்திருந்தால் எல்லாவற்றையும் மேசையில் கொட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவுக்குள் ரிப்பன் சுருளையும், குடைக்குள் குழந்தைச் சட்டையையும் கண்டுபிடித்திருக்கிறேன். அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், அழுகையையும் நம்பியதில்லை.

2. மனுவுக்குரிய கைப்பை என்னுடையதல்ல, என் தங்கையுடையது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் அவள் வேலை பார்த்த நாளில் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. கருஞ்சிவப்புத் தோல், பித்தளை நிறக் கொக்கி. அதைத் தரையில் வைக்க யாரையும் விடமாட்டாள். ஒருமுறை நேர்முகத் தேர்வுக்குப் போனபோது பேனா ஒழுகி உள்பையின் துணியில் நீலக் கறை பட்டது. குதிரை லாடம் போல வளைந்த கறை. அந்த வேலையும் கிடைக்கவில்லை, கறையும் போகவில்லை.

3. நிறுவனம் மூடப்பட்டபின் என் தங்கை வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். சின்ன அடுப்பில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேகும். பெரிய அடுப்பு வாங்குவதற்காகப் பையை விற்க முடிவு செய்தாள். அவள் என்னிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனெனில் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வார்த்தைகள்தான்: "எனக்கு இதெல்லாம் வராதுக்கா. யார் வேணா என்னை ஏமாத்திடுவாங்க. உன்னை ஏமாத்த எவன் இருக்கான். நீயே வித்துக் குடு."

4. விலையுயர்ந்த பழைய பொருள்களை வாங்கி விற்கும் இணையதளம் ஒன்றில் பையை விற்பனைக்கு வைத்தேன். கறையை மறைக்கவில்லை. அதற்கென்றே தனியாக ஒரு படம் போட்டேன். முதலில் வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். ஒருவர், தளத்துக்கு வெளியே பேசுவோம், கமிஷன் மிச்சம் என்றார். இன்னொருவர் பணம் அனுப்பிவிட்டதாக ஒரு படம் அனுப்பினார், அதில் எழுத்துகள் கோணலாக இருந்தன. மற்றொருவர் என் தொலைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லச் சொன்னார். மூவரையும் வாசலோடு அனுப்பினேன். தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன்.

5. நான்காவதாக வந்தவர் மரியாதையாக எழுதினார். பேரம் பேசவில்லை. பேரம் பேசாமல் வாங்குகிறவரைக் கண்டு எனக்குச் சந்தேகம் வராமல் போனது என் வாழ்நாளில் இதுவே முதல் தடவை ஐயா.

6. இங்குதான் என் கைங்கர்யம் இருக்கிறது. ஒவ்வொரு அசல் பைக்கும் உள்ளே ஒரு சிறு தோல் பட்டையில் அதற்கே உரிய எண் பொறித்திருக்கும். "நம்பர் தெரியற மாதிரி எடுக்கா" என்றாள் தங்கை. "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்றேன். எண்ணை ஊருக்கெல்லாம் காட்டுவது வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது போல என்பது என் எண்ணம். எவனாவது அந்த எண்ணைப் பார்த்து நூறு போலி செய்துவிடுவான் என்று பயந்தேன். ஆகவே எண்ணின் மேல் என் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி, பச்சை மையில் ஒப்பமிட்டு, அதன்பிறகே படங்களும் பொதி கட்டும் வீடியோவும் எடுத்தேன். எண்ணைத் தனியாக எங்கும் எழுதி வைக்கவுமில்லை. எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் அல்லவா. எண் அச்சிட்ட உத்தரவாத அட்டையைப் பைக்குள்ளேயே போட்டு அனுப்பிவிட்டேன்.

7. பை போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் உடனே தளத்தில் புகார் செய்தார்: பை போலி, திருப்பி அனுப்புகிறேன், பணம் வேண்டும் என்று. தளத்தின் விதிப்படி தகராறு தீரும்வரை பணம் அவர்களிடமே இருக்கும். பொதி என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அனுப்பும்போது மூன்று முறை வீடியோ எடுத்த நான், திரும்பி வந்ததைப் பிரிக்கும்போது எடுக்கவில்லை. நம் பை நம் வீட்டுக்கு வருகிறது, இதற்கு எதற்கு வீடியோ என்று இருந்துவிட்டேன். திறந்ததும் பசை நாற்றம் அடித்தது. கொக்கி கையோடு ஆடியது. உள்பைத் துணியில் கறை இல்லை. உத்தரவாத அட்டை இல்லை. ஆனால் எண்ணின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. அதில் பச்சை மையில் இருந்தது என் ஒப்பம்தான். எத்தனை தடவை பார்த்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியாதா.

8. திரும்பி வந்த பையைப் படம் எடுத்துத் தளத்துக்கு எழுதினேன். அவர்களுடைய பதிலின் சாரம்: திரும்பி வந்த பையில் விற்பனையாளரின் சொந்த அடையாள ஸ்டிக்கர் சேதமின்றி இருப்பதால் அதே பை என முடிவு செய்யப்படுகிறது, கறை என்பது துடைத்தால் போகக்கூடியது. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் கணக்கை முடக்கி, பெயருக்குப் பக்கத்தில் 'போலிப் பொருள் விற்றவர்' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். பதிலின் அடியில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

9. ஸ்டிக்கர் எப்படி இடம் மாறியது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் கீழ்வீட்டு அழகு நிலையத்துக்காரியிடம் முடி உலர்த்தும் கருவியை வாங்கி, என் பழைய பையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, சூடு காட்டினேன். வாழைப்பழத்தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வேறு பையில் ஒட்டினேன், ஒட்டியது. "இதுக்கா இவ்ளோ நாளா எங்களைக் கொட்டச் சொன்னீங்க" என்றாள் அவள். முன்பு எங்கள் கடையில் வேலை பார்த்தவள். ஊழியர் வாசலில் எனக்கு அன்று முதல் நிம்மதி இல்லை. அது வேறு மனுவுக்குரிய விஷயம்.

10. இனி வீட்டு விஷயம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் மனுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. நான் போலிப் பையைக் கொண்டுபோய்க் காட்டியபோது தங்கையின் கணவர் மிகுந்த மரியாதையுடன் கூறியது: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஸ்டிக்கர் உங்க கடையைத் தவிர வேற எங்கயும் கிடைக்காது. பார்சல் பிரிச்சப்ப நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. நான் எதுவும் சொல்லல. யோசிச்சுப் பார்த்தா அங்கதான் வந்து நிக்குது." அவரைத் திட்ட எனக்கு நியாயம் இல்லை. வாசலில் நான் அந்தப் பெண்களிடம் யோசிக்கும் முறையும் அதேதான். அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாடியே அங்கே வந்து நின்றிருப்பேன். நேர்மையாகச் சொல்வதானால் நானும் அவரைச் சந்தேகித்தேன். பிறகு, நேராக டேப் ஒட்டக்கூடத் தெரியாத மனுஷன் இதைச் செய்திருக்க வழியில்லை என்று விட்டுவிட்டேன். என் தங்கை மாவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

11. சென்ற வாரம் அழகு நிலையத்துக்காரியின் தொலைபேசியில் அதே தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருஞ்சிவப்புக் கைப்பை ஒன்று, வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்பையின் படத்தைப் பெரிதாக்கினேன். நீலக் கறை, குதிரை லாட வளைவு. எண் பளிச்சென்று தெரிகிறது, ஒத்துப்பார்க்க என்னிடம்தான் அந்த எண் இல்லை. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. உத்தரவாத அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்த விற்பனையாளருக்கு நான் எதுவும் எழுதவில்லை. எழுதினால் பையை எடுத்து ஒளித்துவிடுவார்.

12. ஓடிப்போய்த் தங்கையிடம் காட்டினேன். கறையைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. தன் பைதான் என்றாள். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு. பிறகு தொலைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "விக்கிறது யாருன்னு இதுல தெரியலையேக்கா." அவள் கணவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவளை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஐயா. பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதென்று மிதிக்கவும் முடியாமல் அவள் தவிப்பது எனக்குத் தெரிந்தது. அதனால் எனக்கு வலி குறைந்துவிடவில்லை.

13. கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டேன். அவள் பார்வை என் தோளில் தொங்கிய பையின் மேல் இருந்தது. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று, என் பையின் ஜிப்பை இழுத்து அவள் முன் விரித்துக் காட்டினேன். கோபத்தில்தான் செய்தேன். 'என்னக்கா இது' என்று அவள் என் கையைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே பார்த்தாள். குடை, தண்ணீர் பாட்டில், ஸ்டிக்கர் கட்டு, கைக்குட்டை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

14. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து செய்ய வேண்டியவை:

அந்தப் பையை விற்பனைக்கு வைத்திருப்பவர் யார் என்று உடனே கண்டறிய வேண்டும். நாளைக்கே விற்றுப்போய்விட்டால் பையும் போகும், அதை வைத்திருப்பவர் யார் என்ற உண்மையும் அதோடு போகும். கண்டுபிடிக்கும்வரை தளத்தாருக்குத் தெரியப்படுத்த வேண்டாம். அவர்களில் யாராவது தகவல் சொல்லிவிடுவார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு, ஆதாரம் இல்லை. போன பொதியின் எடையும் திரும்பி வந்த பொதியின் எடையும் கூரியர்காரர்களிடம் இருக்கும். அசல் தோல் கனமானது, இது காற்றுப்போல இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

விற்பவர் பெயருக்குப் பின்னால் இருப்பது நான்தான் என்று விசாரணையில் தெரிந்தால், என்னைக் கைது செய்யுங்கள். கடை முகவரி மேலே இருக்கிறது, காலை முதல் மாலைவரை அந்த ஸ்டூலில்தான் இருப்பேன். என் வீட்டையும் அலமாரியையும் எப்போது வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நானும் யாரிடமும் சொல்லிவிட்டுச் சோதித்ததில்லை.

பணம் கிடைத்தால் நல்லது, அடுப்பு வாங்குவாள். பை கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டும் கிடைக்காவிட்டாலும், எடுத்தது அக்கா இல்லை என்று தங்கள் அலுவலகம் ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.

அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். என் தங்கையின் முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அவளுக்கே நேராக அனுப்புங்கள். என் கை பட்டுப் போகும் எந்தத் தாளையும் அவள் இனி முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். உறையைத் தாங்களே ஒட்டி, அலுவலக முத்திரையை மட்டும் போடுங்கள். அதன் மேல் ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட வேண்டாம்.

தங்கள் கையெழுத்துக்காகவும் நடவடிக்கைக்காகவும் காத்திருக்கும்,

(ஒப்பம், நீல மையில்)
டோக்கன் அக்கா

நாள்: திங்கட்கிழமை, கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த நாள்
இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு

இணைப்பு: போலிப் பை ஒன்று (பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டபின் ஒப்படைக்கப்படும்); பொதி கட்டிய வீடியோ; கறையின் படம் இரண்டு, அன்று நான் எடுத்ததும் இன்று அவர்கள் போட்டிருப்பதும்; தங்கையின் முகவரி.