என்னுடைய ஐந்து மூச்சு

மார்ச் 4, செவ்வாய்

இடுப்பு ஒரு மாதமாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார்கள், இடுப்பை மாற்ற வழியில்லை. எலும்பு டாக்டர் நம்ம ஆள்தானே என்று வரிசையில் நிற்காமல் உள்ளே நுழைந்தேன். மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், "டயர்க் கடைக்கு மேல காலையில யோகா கிளாஸ் நடக்குது, போய்ச் சேருங்க" என்றார். வரிசையை மீறியதற்குத் தண்டனை போல.

கவுண்டரில் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டம். நோயாளி வாயைத் திறப்பதற்குள் எந்த டாக்டர், என்ன தொந்தரவு என்று நானே சொல்லிவிடுவேன். பத்தில் எட்டு சரியாக இருக்கும்.

பாப்பா கண் பரிசோதனைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். பதினேழு வயது, இன்னும் பாப்பாதான். நான்கு பக்கப் படிவத்தையும் தானே நிரப்பினாள். எழுத்தில் அவளுக்குத் திக்குவதில்லை.

மார்ச் 6, வியாழன்

ஐந்து மணிக்கு என்றார்கள். முதல் ஆளாக இருக்கலாம் என்று பத்து நிமிடம் முன்பே போனேன். உள்ளே ஏற்கெனவே பத்துப் பேர், பாதி வழியில். ஒருவர் குனிகிறார், ஒருவர் தலைகீழாக நிற்கிறார், ஒருவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மல்லாந்து கிடக்கிறார். யாரும் யாரோடும் சேர்ந்து செய்யவில்லை. ஒன்று, இரண்டு என்று யாரும் கத்தவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும்.

டீச்சர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். "எத்தனை மணிக்கு ஆரம்பம் டீச்சர்?" என்றேன். "நீங்க பாயை விரிச்சதும் ஆரம்பம்க்கா."

சூரிய நமஸ்காரம் மட்டும் சொல்லித் தந்தார். மூன்று தடவை அவரோடு, இரண்டு தடவை நானாக. பிறகு படுக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதானா என்று கேட்டால், "நாளைக்கு இது ஞாபகம் இருந்தா அடுத்தது தர்றேன்" என்கிறார். இந்த வேகத்தில் போனால் நான் ஓய்வு பெறும்போது உட்கார்ந்து செய்யும் ஆசனங்களுக்கு வந்திருப்பேன்.

மார்ச் 14, வெள்ளி

பௌர்ணமி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சனிக்கிழமைக்கும் வகுப்பு கிடையாதாம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்த நல்ல புத்தி ஏன் வரவில்லை?

மார்ச் 20, வியாழன்

ஒவ்வோர் ஆசனத்திலும் ஐந்து மூச்சு நிற்க வேண்டும். அதுதான் கணக்கு. நான் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன், டீச்சர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அக்கா, உங்க அஞ்சு ரொம்பச் சீக்கிரமா முடிஞ்சிருதே."

"எண்ணித்தான் செஞ்சேன் டீச்சர்."

"எண்ணினீங்க. மூச்சு விடல."

பக்கத்துப் பாயில் டயர்க் கடை அண்ணன் சிரிப்பை அடக்கியதில் விழுந்தே விட்டார். கீழே இருக்கும் கடை அவருடையதுதான். அவர் மூச்சு விட்டால் டயருக்குக் காற்றடிப்பது போலத்தான் இருக்கிறது, அவரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஏப்ரல் 5, சனி

தப்பு பண்ணிட்டேன்.

அரை நாள் வேலை முடிந்து மதியமே வந்துவிட்டேன். பாப்பா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் மேசையில் அடித்தது. கல்லூரியிலிருந்து. "விண்ணப்பிச்சவங்ககிட்ட பேசலாமா?" ஒரு நிமிஷம் இருங்க, கூப்பிடறேன் — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான், "நான்தான் பேசறேன்" என்றேன். குரலைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டு.

ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். சின்ன வயதிலிருந்து ஆர்வம், மக்களோடு பழகப் பிடிக்கும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தேன். "நல்லாப் பேசறீங்க. ஜூன் பதினொண்ணு நேர்காணலுக்கு வந்துடுங்க" என்றார்கள். சந்தோஷமாகத் திரும்பினால், தலையில் துண்டோடு பாப்பா. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

அவளுக்குத் திக்கும் என்று தெரிந்தால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தானா? அவள் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறதை என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. பெத்தவளுக்கே முடியல. இதை எழுதறப்ப வெட்கமா இருக்கு.

ஏப்ரல் 7, திங்கள்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டு. "எனக்குப் பதிலா நீயே போய்ப் படிச்சுக்கோ."

ஏப்ரல் 21, திங்கள்

பதினாறு நாள் ஆயிற்று. அப்பாவோடு பேசுகிறாள். என்னிடம் சீட்டுதான். பேசாமல் இருப்பதில் அவளுக்குத் திக்கவே இல்லை.

வீட்டுக்காரரிடம் போய்ப் புலம்பினேன். லிஃப்ட் மெக்கானிக், கையில் எப்போதும் ஏதாவது ஒன்றைக் கழற்றி வைத்திருப்பார்.

"நீ பேசாம இரு, அவ பேசுவா."

"நான் எப்பங்க பேசாம இருந்திருக்கேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

மே 6, செவ்வாய்

உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனம். ஒற்றைக் காலில் நின்று, இன்னொரு காலின் கட்டை விரலைப் பிடித்து, முன்னால் நீட்டி, பிறகு பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கால் கீழே வந்துவிடுகிறது. மூன்று வாரமாக டீச்சர் என்னை இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார். இது வராமல் அடுத்தது கிடையாது.

நேற்று டயர்க் கடை அண்ணன் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்து, அவருடைய அடுத்த ஆசனத்தை நானும் செய்துவிட்டேன். டீச்சர் வந்து நின்றார்.

"இதை உங்களுக்கு யாரு குடுத்தா?"

"நானே எடுத்துக்கிட்டேன் டீச்சர்."

"திருப்பிக் குடுத்துடுங்கக்கா."

இன்று முழங்கால் வலிக்கிறது. வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மே 12, திங்கள்

பௌர்ணமி, வகுப்பில்லை. நேர்காணலுக்கு இன்னும் ஒரு மாதம். நானும் கூட வருகிறேன் என்று சீட்டு எழுதி ஒட்டினேன். பதில்: "வேண்டாம். அங்கயும் நீதான் பேசுவ."

மே 20, செவ்வாய்

புதிதாக ஒரு தபால்காரர் சேர்ந்திருக்கிறார், என் இடது பக்கத்துப் பாய். திரிகோணாசனம் முடித்துவிட்டு, பாயின் முனையில் நின்றுகொண்டு முழிக்கிறார். அடுத்தது என்ன என்று மறந்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "திரும்பி, கையைத் தரையில வைங்க" என்று கிசுகிசுத்தேன். தலையாட்டிவிட்டு அதைச் செய்தார். உதவி செய்த நிறைவோடு நானும் என் ஒற்றைக் காலுக்கு வந்தேன்.

டீச்சர் என் காதருகே குனிந்தார்.

"அக்கா, அவருக்கு மறக்கல. வந்துட்டே இருந்துச்சு. நீங்க சொன்னதும் நின்னுபோச்சு."

"ரொம்ப நேரமா நின்னாரே டீச்சர்."

"நிக்கட்டுமே. யாருக்கு என்ன அவசரம்? நாளைக்கு அவர் தானா யோசிக்க மாட்டார், உங்க வாயைத்தான் பார்ப்பார்."

கோபமாகச் சொல்லவில்லை. என் இடுப்பை ஒரு கையால் பிடித்து நேராக்கிவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டார்.

கடைசியில் மல்லாந்து படுத்தபோது கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. பாப்பாவுக்கு நான்கு வயதில் திக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து அவள் பெயரை யார் கேட்டாலும் நான்தான் சொல்லியிருக்கிறேன். கடைக்காரரிடம், பள்ளிக்கூடத்தில், பல் டாக்டரிடம். அவள் பெயரின் முதல் எழுத்துத்தான் அவளுக்கு வரவே வராது. ஆசையாகத் தேடி அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான்.

அவளுக்கும் வந்துகொண்டேதான் இருந்ததா? பதிமூன்று வருடமாகவா?

மே 22, வியாழன்

சாப்பிடும்போது கவனித்தேன். பாப்பா அப்பாவிடம் ஏதோ சொல்கிறாள், நடுவில் நின்றுவிடுகிறது. அவர் நிமிரவில்லை, சாப்பாட்டைப் பிசைகிறார். வந்ததும் "ம்" என்கிறார். இத்தனை வருடமாக இவர் பிள்ளை பேசுவதைக் காதில் வாங்குவதில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

மே 25, ஞாயிறு

அவள் அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "நான் செஞ்சது தப்பு பாப்பா. உன் பேரைச் சொல்லி, உன் குரல்ல பேசினேன். மன்னிச்சுடு. நான் நேர்காணலுக்கு வரணும்னு ஆசையா இருக்கு. வேண்டாம்னா வரல." இவ்வளவுதான் சொன்னேன். எனக்கு இது மிகச் சின்னப் பேச்சு.

பிறகு வாயை மூடினேன். அவள் உதடு அசைந்தது, நின்றது. வரலாம் என்று சொல்லப்போகிறாளா, வராதே என்று சொல்லப்போகிறாளா? இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் ஆரம்பம், அதிலேயே நிற்கிறாள். நாக்கின் நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கினேன். மூச்சை எண்ணினேன், விட்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு. அவள் கழுத்து இறுகியது. மூன்று. அவள் முகத்தைப் பார்த்தேன். நான் அவள் வாயை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறேன், இவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்ததில்லை. நான்கு.

"வரலாம். ஆனா பேசக்கூடாது."

ஏழு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குச் சிரித்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி, வகுப்பில்லை. நேர்காணல்.

கல்லூரியில் உள்ளே நுழைந்ததும் ஒரு கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மா, கையில் பட்டியல். என் ஜாதிதான், பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்கும் ஜாதி.

"பேரு?"

பாப்பா ஆரம்பித்தாள். முதல் எழுத்து. நின்றது. பின்னால் வரிசையில் ஆறு பேர். அந்த அம்மா பட்டியலில் விரலை ஓட்டி, அதே எழுத்தில் ஆரம்பிக்கும் வேறொரு பெயரைச் சொல்லி, "இதுவா?" என்றார். பாப்பா இல்லை என்று தலையசைத்தாள். அவர் இன்னொரு பெயரைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

அந்தப் பெயர் என் தொண்டைவரை வந்துவிட்டது. பேசக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவைப் பார்த்து உள்ளங்கையை லேசாகத் தூக்கினேன். பொறுங்கள். அவர் பேனா நின்றது.

ஐந்து மூச்சு ஆயிற்று. வரவில்லை. ஆறு. பாப்பா ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். ஏழாவதில் வந்தது, முழுப் பெயரும், அப்பா பெயரோடு சேர்த்து.

பதினேழு வருடத்தில் அவள் அதை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அழகான பெயர்தான். நான் வைத்ததில் தப்பில்லை.

நேர்காணல் முடிந்து வந்தவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் அவளாகச் சொன்னாள். "முதல்ல அதைத்தான் சொன்னேன். போன்ல பேசினது நானில்ல, எங்கம்மா." அவர்கள் என்ன சொன்னார்கள்? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு, நேரம் எடுத்துச் சொல்லு என்றார்களாம். இடம் கிடைக்காமல் போனால் அது என்னால்தான். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

கட்டை விரலை விடாமல் இரண்டு பக்கமும் ஐந்து மூச்சு நின்றேன். டீச்சர் அடுத்த ஆசனத்தைச் சொல்லித் தந்தார்.

கவுண்டரில் பக்கத்து சீட்டுக்காரி, "எக்ஸ்பிரஸ் இப்பல்லாம் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குதே" என்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஜூன் 28, சனி

மதியம் பாப்பாவின் போன் மேசையில் அடித்தது. அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன். கல்லூரி.

"விண்ணப்பிச்சவங்ககிட்ட பேசலாமா?"

"ஒரு நிமிஷம் இருங்க, கூப்பிடறேன்."

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, பாதிக் கூடைத் துணியோடு கீழே வந்துவிட்டேன். மாடியிலிருந்து குரல் கேட்டது, என்ன பேச்சு என்று கேட்கவில்லை. ஒரு துண்டை நான்கு தடவை மடித்துப் பிரித்தேன்.

படியிறங்கி வந்தாள். சிரிப்பு நிறைந்த முகத்தைப் பார்த்ததுமே, இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல ஆரம்பித்தாள், முதல் எழுத்திலேயே நின்றது. துண்டைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை மூச்சு என்று எண்ணவில்லை. அவள் சொல்லி முடித்தாள். அப்புறம்தான் எனக்குத் தெரியும்.