அவருக்குக் கேட்காத ஹாரன்

வியாழன், இரவு.

என் கணவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பக்கம் வண்டி வருகிறதோ அந்தத் தோளைத் தட்டுவேன். இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். டாக்டர் பைக் வேண்டாம் என்றுவிட்டதால் நான் பஸ்ஸில் போகிறேன், அவர் தனியாகப் போகிறார்.

இன்று காலை காவிரிப் பாலத்தில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் அவர் பைக். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கினார்.

"காதுல விழலையா இவனுக்கு?"

எழுந்து முன்னால் போனேன். "அண்ணே, அவருக்குக் காது கேக்காதுங்க. என் வீட்டுக்காரருங்க."

டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். "பின்னாடி வர்றவனுக்கு அது எப்படிம்மா தெரியும்?" என்றார்.

அதற்குள் ஒரு கார் எங்களை முந்திப் போய்ப் பைக்கை உரசுவது போல் கடந்தது. பைக் ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியோ நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வந்ததும், இரண்டு கண்ணாடியையும் பார்த்துத்தான் ஓட்டுகிறேன், பயப்படாதே என்று சைகையில் சொன்னார். அது நிஜம்தான். அவர் மேல் தப்பே இல்லை. சரியென்று தலையை ஆட்டினேன்.

நாளைக்கு அவருக்குப் பின்னால் வேறு பஸ், வேறு டிரைவர்.